மாவட்ட மருத்துவமனையின் திரையில்



இணையத்தில் கிடைக்கும் சான்றுசார் புற்றுநோய்ச் சிகிச்சை நெறிகளைப் பற்றிப் பேச இந்த மாநாட்டில் கூடியிருக்கிறோம். இவற்றை யாருக்காக எழுதுகிறோம் என்ற கேள்வியை முதலில் அவைமுன் வைக்கிறேன்.

2025-26 மத்திய பட்ஜெட்டில், மூன்று ஆண்டுகளுக்குள் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் புற்றுநோய் டே கேர் மையங்கள் வரும் என்றும், அந்த ஒரே ஆண்டில் 200 மையங்கள் என்றும் அறிவித்தார்கள். ஒவ்வொரு கீமோவுக்கும் நோயாளி ராத்திரி பஸ் ஏறிப் பெருநகரத்துக்கு வரும் அலைச்சல் இதனால் குறையும். மனதார வரவேற்கிறேன். ஆனால் மருந்து போகும் ஊருக்கெல்லாம் புற்றுநோய் மருத்துவரும் கூடவே போய்விட முடியாது. அங்கே டிரிப் போடப்போகிறவர்கள் ஒரு பொது மருத்துவரும் சில செவிலியர்களும்தான். பெரிய மையம் எழுதிக்கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி ஒன்றே அவர்களுக்குத் துணை.

அந்தச் சம்மரி மட்டும் போதாது. கார்போபிளாட்டின் என்ற கீமோ மருந்தையே உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனோடு 25-ஐக் கூட்டி, இலக்கு ஏ.யூ.சி.யால் (உடல் அந்த மருந்துக்கு உள்ளாக வேண்டிய மொத்த அளவால்) பெருக்கினால் வருவதுதான் அதன் டோஸ். இலக்கு 5, வடிகட்டும் திறன் 90 என்றால் 575 மில்லிகிராம். சம்மரியில் அந்த 575 எழுதியிருக்கும். அடுத்த சுற்றுக்கு வரும் அம்மாவோ ஒரு வாரமாக வாந்தி, சாப்பாடு இல்லை, கிரியாட்டினின் ஏறியிருக்கிறது. முதலில் அவருக்கு நீர்ச்சத்தை ஈடுகட்ட வேண்டும். அதற்குப் பிறகும் வடிகட்டும் திறன் 45-லேயே நின்றால், டோஸ் 350தான். பழைய தாளைப் பார்த்து 575 ஏற்றிவிட்டால், இரண்டு மூன்று வாரத்தில் பிளேட்லெட் சரிந்து ரத்தக்கசிவோடு வருவார். பணியில் இருக்கும் செவிலியருக்கு இந்தக் கணக்கு திரையில் தெரிந்தால், மருந்தைக் கலக்கும் முன்பே கேள்வி கேட்பார்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் புற்றுநோய் நிறுவனம் நடத்தும் ‘எவிக்யூ’ இதைத்தான் செய்கிறது. எந்த மருந்தை முதலில் ஏற்றுவது, வாந்திக்கு என்ன கொடுப்பது, ரத்த அணுக்கள் குறைந்தால் டோஸை எவ்வளவு குறைப்பது, இதற்கெல்லாம் ஆதாரமான ஆய்வு எது என்று ஒவ்வொரு சிகிச்சைமுறைக்கும் தனித்தனியே எழுதி, இலவசமாகத் தருகிறது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ‘பிடிக்யூ’ 1984-லிருந்து இருக்கிறது, அதுவும் இலவசம்தான். நம் நாட்டில் 2012-ல் டாடா நினைவு மையத்தை மையமாகக் கொண்டு உருவான தேசியப் புற்றுநோய் வலையமைப்பில் இன்று 300-க்கும் மேற்பட்ட மையங்கள் சேர்ந்திருக்கின்றன. அதன் சிகிச்சை நெறிகளை யாரும் இணையத்தில் படிக்கலாம்.

அப்படியானால் வெளிநாட்டு நெறிகளையே அப்படியே பின்பற்றலாமே என்று இளம் மருத்துவர்கள் கேட்கிறார்கள். தலை, கழுத்துப் புற்றுநோயில் என் பதில் இருக்கிறது. கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டினை, உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு வாரம் 30 மில்லிகிராம் வீதம் கொடுப்பது நம் ஊரில் நெடுநாள் வழக்கம். நோயாளி தாங்குவார், படுக்கையும் வேண்டாம். அது சரிதானா என்பதை நாமேதான் சோதிக்க வேண்டியிருந்தது. மும்பையில் 300 பேரிடம் நடந்து 2018-ல் வெளியான ஆய்வு அந்த வழக்கத்தைச் சோதித்தது. அதே சதுர மீட்டர் கணக்கில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை 100 மில்லிகிராம் பெற்றவர்களில் 73.1 சதவீதத்தினருக்கு இரண்டு ஆண்டுகள் வரை நோய் அதே பகுதியில் திரும்பவில்லை. வாராந்திர 30 பெற்றவர்களில் அது 58.5 சதவீதம்தான். பிறகு 2022-ல் ஜப்பானிய ஆய்வு ஒன்று, அறுவைச் சிகிச்சை முடிந்த, நோய் திரும்பும் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு சதுர மீட்டருக்கு வாரம் 40 மில்லிகிராம் அந்த நூறுக்குக் குறைந்ததல்ல என்று காட்டியது. ஆக, 2018-ல் அச்சடித்துச் சுவரில் ஒட்டிய தாள் 2022-ல் பாதிதான் சரி. ஒரு நெறிக்கு அது கடைசியாகச் சரிபார்க்கப்பட்ட தேதி, மருந்தின் அளவைப் போலவே முக்கியம்.

விலையும் முக்கியம். நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து வழக்கமாக இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம்; நம் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு எட்டாத விலை. குணப்படுத்த இயலாத கட்டத்தில் இருந்த தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 151 பேரிடம், வாய்வழி மருந்துகளோடு மூன்று வாரத்துக்கு வெறும் 20 மில்லிகிராம் சேர்த்து டாடா நினைவு மருத்துவமனை ஆராய்ந்தது. வாய்வழி மருந்துகள் மட்டும் பெற்றவர்களில் ஓராண்டு உயிரோடு இருந்தவர்கள் 16.3 சதவீதம்; நிவோலுமாபும் சேர்த்துப் பெற்றவர்களில் 43.4 சதவீதம். பணக்கார நாடுகளுக்கு இந்த ஆய்வு தேவைப்படவில்லை. நமக்குத் தேவைப்பட்டது, நாம் செய்தோம். இத்தகைய சான்று நம் மாவட்ட மருத்துவரின் திரையில் முதல் வரிசையில் வர வேண்டும் என்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

நோயாளி கையில் கொடுத்தனுப்பும் தாளும் சிகிச்சை நெறியில் சேர்த்திதான். அதைப் பலரும் கடைசி வேலையாக ஒதுக்கிவிடுகிறோம். கீமோ முடிந்து வீட்டுக்குப் போனவருக்குக் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், பாராசிட்டமால் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று படுத்துவிடக் கூடாது. நடுராத்திரி என்றாலும் கிளம்பி வந்தாக வேண்டும். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் தொற்று சில மணி நேரத்தில் உயிரைக் குடிக்கும். இதை அவருடைய மகளோ மருமகனோ வாசித்துப் புரிந்துகொள்ளும் தமிழில் எழுதித் தர வேண்டும். எந்த மருத்துவமனைக்கு வருவது, யாரைக் கூப்பிடுவது என்பதோடு.

முதல் அமர்வைச் செவிலியர்களிடம் ஒப்படைத்திருக்கிறோம். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். கார்போபிளாட்டின், பாக்ளிடாக்சல் சிகிச்சைக்கு ஒரு பக்கத்தை இங்கேயே எழுதி முடியுங்கள். எந்த மருந்து முன்னால், எந்த ரத்த அளவு வந்தால் நிறுத்தி மருத்துவரைக் கூப்பிடுவது, நோயாளிக்கான தமிழ்த் தாள், கீழே சரிபார்த்த தேதி. ஆதாரங்களைத் தேடித் தரும் வேலை மருத்துவர்களுடையது. மாநாடு முடியும் முன் அந்தப் பக்கத்தை நாம் எல்லோரும் கூடி ஒருமுறை வரிவரியாகப் படித்துத் திருத்துவோம்.