ஹந்தானைத் தொழிற்சாலை சொல்லும் கதை

(சுற்றுலா சென்று வந்த தோட்டக் குடும்பங்களின் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கண்டி ஹந்தானையில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்துக்கு நாங்கள் போய் வந்த விபரத்தை, வர முடியாமல் போனவர்களுக்கும் சொல்ல வேண்டியது எங்கள் கடமை. "ஸ்டோரைப் பார்க்கக் கண்டிக்குப் போகணுமா? நம்ம தோட்டத்திலேயே இருக்குதே" என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான்.

அந்தக் கட்டிடம் 1925இல் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை. பிற்காலத்தில் பத்து வருடங்களுக்கு மேல் மூடிக் கிடந்தது. இலங்கைத் தேயிலைச் சபையும் தோட்டத் துரைமார் சங்கமும் அதைத் திருத்தி, 2001 டிசம்பரில் அருங்காட்சியகமாகத் திறந்தன. நம்ம பக்கத்தில் கந்தப்பளை ஹெதர்செட் ஸ்டோர் 1996இல் ஹோட்டலாக மாறியது உங்களுக்குத் தெரியும். ஹந்தானை ஸ்டோரோ எல்லாரும் பார்த்துப் படிக்கிற இடமாக ஆனது.

கீழ்த்தட்டுகளில் பழைய எஞ்சின்களும் கொழுந்து அரைக்கிற ரோதைகளும் இருக்கின்றன. ஸ்டோருக்கு ஏன் இத்தனை மாடி, இத்தனை ஜன்னல் என்று பிள்ளைகள் கேட்டார்கள். அந்தக் காலத்தில் பச்சைக் கொழுந்தை மேல்மாடித் தட்டுகளில் பரப்பிக் காற்றில் வாட்டினார்கள். வாடிய கொழுந்தைக் கீழே இறக்கி, ரோதையில் அரைத்து, புளிக்க வைத்து, சூட்டில் காய வைத்து, சலித்துத் தரம் பிரித்தார்கள். ஒரு கிலோ தூளுக்கு நாலு, அஞ்சு கிலோ கொழுந்து வேண்டும். மலையில் கூடை சுமக்கிற நம்ம அக்காமார் பலர் ஸ்டோருக்குள்ளே நடக்கிற வேலையை ஒழுங்காகப் பார்த்தது அன்றைக்குத்தான். ரோதைகளைக் கண்டதும் வயதான ஒருவர் ரோதைமுனியை நினைத்துக் கும்பிட்டார். எந்த எஞ்சினுக்கும் பூசை போடாமல் வேலை தொடங்காத ஆட்கள் நாம்.

மேலே நூலகமும் ஜேம்ஸ் டெய்லர் துரையின் பொருட்களும் உண்டு. கோப்பிச் செடியை நோய் அழிப்பதற்கு முன்பே, 1867இல், லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டவர் அவர். முதலில் பங்களா விறாந்தையில் மேசை போட்டுக் கையாலேதான் கொழுந்து உருட்டினார்கள். 1892இல் அவர் இறந்தபோது உடலைக் கண்டி மகையாவ மயானம் வரைக்கும் 24 பேர் இரண்டு அணியாக, மாறி மாறிச் சுமந்தார்கள். துரையின் பெயர் கல்லறையில் இருக்கிறது. சுமந்தவர்களின் பெயர் எங்கே?

இதை யார் மேலும் கோபப்பட்டுச் சொல்லவில்லை. இயந்திரத்தைக் காத்து வைக்க ஆள் இருக்கிறது. நம்ம கதையை நாம்தான் காக்க வேண்டும். கம்பளைப் பக்கம் பழைய பீக்கொக் தோட்டத்தில் 2007 முதல் ஒரு லயத்தையே தொழிலாளர் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அடுத்த பயணம் அங்கேதான் என்று எண்ணியிருக்கிறோம்.

அதற்கு முன் ஒரு வேண்டுகோள். பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடிக்கும்போது பழைய ட்ரங்குப் பெட்டியைக் காலி பண்ணி, எல்லாவற்றையும் அடுப்பில் போட்டுவிடாதீர்கள். தாத்தாவின் பிறப்புப் பதிவு, கங்காணி காலத்துத் துண்டு, பழைய சம்பளச் சீட்டு, கலியாணப் படம் எதுவும் குப்பை இல்லை. 1948இல் குடியுரிமை இழந்தவர்கள் நாம். 2003இல் வந்த சட்டத்திலும் 1964 அக்டோபர் 30 முதல் இந்நாட்டில் இருந்தவர்கள், அவர்களின் பிள்ளைகள் என்றுதான் கணக்கு. ஒரு கடதாசி ஒரு குடும்பத்தையே காப்பாற்றும். இருப்பதைப் பொலித்தீன் பையில் போட்டு, நனையாமல் வையுங்கள். கூடை, கவ்வாத்துக் கத்தி, பழைய கம்பளி ஒன்றிரண்டையும் எடுத்து வையுங்கள்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. ஆச்சியிடம் உட்கார்ந்து, அவர் எந்தத் தோட்டத்தில் பிறந்தார், எந்த வயதில் பேர் பதிந்தார், முதல் சம்பளம் எவ்வளவு என்று கேட்டு, கொப்பியில் எழுதிக் கொண்டு வாருங்கள். அதை நாங்கள் பத்திரமாகச் சேர்த்து வைப்போம். ஆச்சி இருக்கும்போதே கேட்க வேண்டும், பிள்ளைகளே.