ஆசிரியருக்கென்று ஒரு காலை

இரண்டு ஆண்டு பி.எட். முடித்துப் பட்டம் வாங்க வந்திருக்கும் பிள்ளைகளே!

நல்ல நாளும் அதுவுமாக நான் களைப்பைப் பற்றித்தான் பேசப் போகிறேன். தாம்பரம் சுற்றுவட்டாரத்து அரசுப் பள்ளிகளில் பல்லாண்டு கணக்கு சொல்லிக்கொடுத்து, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவள் நான். பாடம் தெரியாததால் வீணாய்ப்போன ஆசிரியரை நான் பார்த்ததே இல்லை. களைத்து வீணாய்ப்போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஜூன் மாதத்தில் ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர், ஜனவரி வந்ததும் “ஏய், மூணாவது பெஞ்ச்” என்பார். களைப்பு முதலில் தின்பது அந்தப் பெயர்களைத்தான்.

இந்தக் களைப்பை உலக சுகாதார நிறுவனமும் ஒப்புக்கொண்டிருக்கிறது. 2019-ல் தன்னுடைய நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில், வேலையினால் வரும் தீராச் சோர்வுக்குத் தனி இடம் கொடுத்து மூன்று அறிகுறிகளைச் சொன்னது: சக்தியெல்லாம் வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோதல், நம்மால் ஒன்றும் ஆகாது என்ற எண்ணம். எந்தப் பள்ளி ஸ்டாஃப் ரூமிலும் பிப்ரவரி மாதம் போய் உட்காருங்கள், மூன்றையும் காணலாம். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, பாடத் தயாரிப்பையும் சேர்த்து ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேரம் என்கிறது. மாணவர் விவரங்களுக்கான எமிஸ் இணையதளப் பதிவும், வீட்டுக்குக் கட்டி எடுத்துப்போகும் நோட்டுகளும், தேர்தல் வேலையும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அந்த நேரத்துக்குள் அடங்குமா என்பதை அடுத்த ஆண்டு நீங்களே சொல்வீர்கள்.

நன்னூலில் பவணந்தி முனிவர் நல்லாசிரியருக்கு நிலத்தை உவமை சொன்னார். நிலத்தைக்கூட ஒரு போகம் தரிசாகப் போட்டு ஆறவிடுகிறோம். ஆசிரியரை யாரும் ஆறவிடுவதில்லை. அவரும் தன்னை ஆறவிடுவதில்லை.

ஆறவிடும் வழியை நான் கற்றது, ஆசிரியர் பயிற்சிக்காக மெரினாவுக்கு எதிரே இருக்கும் லேடி வெலிங்டன் கல்லூரியில் படித்தபோதுதான். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, பூங்கா நிலையத்தில் இறங்கி, பஸ் பிடித்துப் போக வேண்டும். பாடக்குறிப்புக்கான சார்ட்டுகளைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு வருவோம். பல்லாவரம் தாண்டினால் கூட்டத்தில் அது கசங்காமல் தப்பிக்காது. அங்கே எங்களுக்கு ஒரு விரிவுரையாளர் அம்மா இருந்தார். கற்பித்தல் பயிற்சிக்குப் போய்த் திரும்பும் நாட்களில், குரல் கம்மி, கால் கடுத்து, பேசவே பிடிக்காமல் வந்து நிற்போம். அவர் வகுப்புக்குள் விடமாட்டார். சாலையைக் கடந்து மணலில் இறக்கி, கலங்கரை விளக்கம் இருக்கும் திசையில் வேகமாக நடக்கவைப்பார். புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவரும் முன்னால் நடப்பார். வழியில் ஒரு வார்த்தை பேசக் கூடாது. மூச்சு வாங்கி, வியர்த்து, ஓரிடத்தில் உட்கார்ந்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பார்: “இன்னிக்கு நீங்க கேட்ட எந்தக் கேள்விக்குப் பிள்ளைங்க பதில் சொல்லல?” அதை நோட்டில் எழுத வேண்டும். யார் மீது குற்றம் என்று எழுதக் கூடாது. கேள்வியை மட்டும் எழுத வேண்டும்.

வேலைக்கு வந்த பிறகு அந்த நடை எனக்கு ஓட்டமாக மாறியது. பிரார்த்தனை மணிக்கு வெகு முன்னதாகவே போய், பள்ளி மைதானத்தின் செம்மண்ணில் கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு மெதுவாக ஓடுவேன். பிறகு வேப்ப மரத்தடித் திண்ணையில் உட்கார்ந்து நாலு வரி எழுதுவேன். ஒரு நாள் எழுதியது இன்னும் நினைவிருக்கிறது: “ஆறாம் வகுப்பு, பின்னம். மூன்றில் ஒன்றைவிட நான்கில் ஒன்று பெரிது என்கிறார்கள், நான்கு பெரிய எண் என்பதால். இன்று காகிதத்தை மடித்துக் காட்ட வேண்டும்.” முந்தின நாள் மாலை இதே வகுப்பை ‘மக்குப் பிள்ளைகள்’ என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு வீடு போனவள் நான். வியர்த்து முடித்த உடம்புக்குத்தான், தவறு எந்த இடத்தில் நடக்கிறது என்று தெரிந்தது.

ஓட்டம், எழுத்து இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஓட மட்டும் செய்தால் உடம்பு தெம்பாகும், வகுப்பு அப்படியே இருக்கும். எழுத மட்டும் செய்தால், களைத்த மனம் புகாரைத்தான் எழுதும். ஜான் டூயி 1910-லேயே சிந்தித்துப் பார்த்தலைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நீங்கள் தேர்வில் அவரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருப்பீர்கள். அந்தச் சிந்தனைக்கு ஆறிய தலை வேண்டும், அதைக் கால்கள்தான் தரும். வாரத்துக்கு 150 நிமிட விறுவிறு நடை, அல்லது 75 நிமிட ஓட்டம். உலக சுகாதார நிறுவனம் கேட்கும் குறைந்த அளவு அவ்வளவுதான்.

இங்கே தாம்பரத்திலேயே, காலையும் குறிப்பையும் சேர்த்துக்கொண்ட ஆசிரியருக்கு ஒரு முன்னோடி உண்டு. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல் ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துப் புதர்க்காட்டுக்கு வந்தது. அங்கே வேதியியல் சொல்லிக்கொடுத்த எட்வர்ட் பார்ன்ஸ், வகுப்பு போக மீதி நேரத்தில் மனைவியோடு சேர்ந்து வளாகமெங்கும் மரம் நட்டார். விடுமுறை கிடைத்தால் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறி இறங்கிச் செடிகளைத் தேடினார். அவர் ஓடினாரோ இல்லையோ, காலால் அலைந்து, கண்டதைக் குறித்துவைத்தார். ஹபனேரியா பார்னெசி என்ற ஆர்க்கிட் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1941-ல் அவர் காலமானார். வேதியியல் வாத்தியார் செடியைத் தேடிப் போனதால் வேதியியலுக்கு ஒரு குறையும் வரவில்லை. பாடத்துக்கு வெளியே தனக்கென்று ஒரு பொழுது வைத்திருக்கும் ஆசிரியரின் வகுப்பில் உட்காரக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

பெண்களே, உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. விடியற்காலையில் தண்ணீர் பிடித்து, மூன்று டப்பா சாப்பாடு கட்டிவிட்டு, எங்கே ஓடுவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தெருவில் நாய் துரத்தும், டீக்கடையிலிருந்து நாலு பேர் பார்ப்பார்கள். இருவராகப் போங்கள். சிட்லபாக்கம் ஏரிக்கரையில் காலையில் நடப்பவர்களில் எத்தனை பெண்கள் என்று போய்ப் பாருங்கள். டப்பாவை வீட்டில் இன்னொருவர் கட்டட்டும். அதைக் கேட்டு வாங்குவதும் உங்கள் உரிமைதான்.

ஆனால் ஆசிரியர் ஓடிச் சமாளித்துக்கொள்வார் என்று சொல்லி அவர் சுமையை யாரும் கூட்டக் கூடாது. காலிப் பணியிடத்தை ஓட்டம் நிரப்பாது. பதிவு வேலைக்கு ஆள் போட வேண்டும், வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். இதை நான் பதவியில் இருந்தபோதும் கேட்டேன், இப்போதும் கேட்கிறேன்.

மேடையில் இருக்கும் தாளாளர் அவர்களுக்கும், இங்கே வந்திருக்கும் பள்ளி நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் மைதானத்தின் கேட்டைக் காலை ஐந்தரை மணிக்கே ஆசிரியர்களுக்குத் திறந்துவிடச் சொல்லுங்கள். ஆசிரியைகள் குளித்து உடை மாற்ற, உள்ளே தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை கொடுங்கள். முதல் பாடவேளைக்கு முன் கால் மணி நேரம் அவர்களை எந்தப் பதிவேட்டுக்கும் கூப்பிடாதீர்கள், அந்த நாலு வரியை எழுதிக்கொள்ளட்டும். பெரிய செலவு எதுவும் இல்லை. வரும் ஜூன் மாதமே தொடங்கிவிடலாம்.