பத்து மணிப் பசி

(ஈசா டவுனில் நடந்த சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் டாக்குத்தர் இல்லை. ஏ.எல். உயிரியலோடு படிப்பு நின்றுபோய், இப்ப பக்டரியில் மெசினோடு நிற்கிறவன். அதனால் என்ர வயிற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

காலையில் நாலு துண்டுப் பாண், சீனி கூடப் போட்ட பிளேன்ரீ. மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்ப வேணுமே! பத்து மணிக்கு வயிறு கத்தும், கைகால் சோரும். பக்கத்தில் நிற்கிற பஹ்ரெய்ன்காரர் ரொட்டியோடு ஒரு கிண்ணம் 'நிகி' சாப்பிட்டு வருவார். நிகி என்றால் வேறொன்றுமில்லை, எங்கட கோயிலில் அவித்துத் தருகிற கடலைதான். அவர் மத்தியானம்வரை பசி என்று சொன்னதில்லை.

ஏன் இந்த வித்தியாசம்? வெறும் இரைப்பை 'கிரெலின்' என்ற ஓமோனைச் சுரந்து மூளைக்குப் பசி என்று சொல்லும். இதை 1999 இல் ஜப்பானியரான கோஜிமாவும் கங்காவாவும் கண்டுபிடித்தார்கள். சாப்பிட்டதும் அது குறையும். புரதம் சமித்துச் சிறு துண்டுகளாகிக் குடற்சுவரில் படும்போது சி.சி.கே., ஜி.எல்.பி.-1, பி.வை.வை. என்ற ஓமோன்கள் சுரக்கின்றன. இவை இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தி, 'போதும்' என்று மூளைக்கு அறிவிக்கின்றன. மாவும் கொழுப்பும்கூட இவற்றைச் சுரக்க வைக்கும். ஆனால் அதே அளவு கலோரிக்குப் பொதுவாகப் புரதமே கூட நேரம் வயிற்றைத் தாங்கும். கடலையில் இருக்கிற நாரும் அதற்குத் துணை.

இப்ப நீரிழிவுக்கும் உடல் மெலியவும் போடுகிற ஊசிகள் சில ஜி.எல்.பி.-1 ஐப் போலச் செய்யப்பட்டவைதான். அதற்காக முட்டை ஊசிக்கு ஈடென்று சொல்ல வரவில்லை. உடம்பில் சுரப்பது சில நிமிடங்களில் அழிந்துவிடும். மருந்து நாட்கணக்கில் நிற்கும்.

ஊரில் அகதி முகாமில் உலர் உணவு நிவாரணம் தந்தபோது அரிசி, மா, சீனியோடு பருப்பும் தந்தார்கள். நாங்கள் அதைத் தண்ணியாய்க் கரைத்துச் சோற்றை நனைக்கத்தான் பாவித்தோம். அன்று வழியில்லை. இன்றும் அந்தப் பழக்கத்தையே காவிக்கொண்டு திரிகிறோம். சோறு மலைபோல, கறி பொட்டுப்போல!

கன காசு தேவையில்லை பாருங்கோ. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம். அவித்த கடலை 100 கிராமில் 9 கிராம். அதே அளவு சோற்றில் 3 கிராமும் வராது. பாணைக் குறைத்து, கட்டிப் பருப்போ மீனோ சேருங்கோ. ஆறுதலாகச் சாப்பிடுங்கோ, 'போதும்' என்ற செய்தி மூளைக்குப் போகக் கொஞ்ச நேரம் பிடிக்கும். சிறுநீரக வருத்தக்காரர் மட்டும் டாக்குத்தரைக் கேட்டே கூட்டவேணும்.

நான் மாற்றிக்கொண்டேன். பத்து மணிக்கு இப்ப கை சோர்வதில்லை.

ஊருக்குக் காசு அனுப்பத்தான் வந்தோம். அனுப்புகிற கை சுகமாக இருந்தால்தானே காசு போகும்? வருஷம் பிறக்கிறபோது எங்கட கோப்பையையும் கொஞ்சம் மாற்றுவோம்.