இரண்டு சீட்டுக்கு மூன்று பேர்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பி.காம். முடித்துவிட்டு லாரி ஓட்டுகிறவன் மேடையேறி என்ன பேசப் போகிறான் என்று சிலர் நினைக்கலாம். கணக்குதாங்க பேசப் போகிறேன். லீவுக் கணக்கு.

சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றினால் நாக்பூர், ஜான்சி, ஆக்ரா வழியாக டெல்லி. 2,300 கிலோமீட்டருக்கு மேல். சித்தப்பா மகன்தான் எனக்கு ஜோடி. ஒருவர் ஓட்ட, ஒருவர் பின் சீட்டில் படுத்துக்கொள்வோம். நடுராத்திரி 12 மணியிலிருந்து விடியும் வரை ஸ்டீயரிங் என் கையில். ரிட்டன் லோடுக்குக் காத்திருப்பதையும் சேர்த்தால் போய்வர 15 நாள் ஆகும்.

வீட்டுக்கு வந்தால் உடம்பு சொன்னபடி கேட்காது. ராத்திரி 12 மணிக்கு டக்கென்று முழிப்பு வந்துவிடும். பகலெல்லாம் தூக்கம். "நீங்க வந்தாலே வீட்ல ராத்திரி பகலெல்லாம் மாறிப்போகுதுங்க" என்பாள் சம்சாரம். உடம்பு திரும்பவே நாலைந்து நாள் பிடிக்கும். அதனால் மூன்று நாள் லீவு எங்களுக்கு லீவே இல்லை. நாக்பூரில் லாரிக்கு அடியில் பாய் விரித்துப் படுத்த ஞாயிற்றுக்கிழமையையும் அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

1961-ம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேர வேலை, வார ஓய்வு, சம்பளத்தோடு வருஷ லீவு எல்லாம் சொன்னது. ஆனால் 5 பேராவது வேலை பார்த்த இடத்துக்குத்தான். ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருந்தவரிடம் அது எங்கே செல்லுபடியாகும்? எங்களுக்கு நடைக்குத்தான் படி. நடை இல்லையென்றால் காசு இல்லை. ஓனரையும் குறை சொல்ல முடியாதுங்க. லாரி நின்றால் தவணை நிற்குமா?

ஆகவே லாரி நிற்காமல் நாங்கள் நிற்க வேண்டும். உள்ளூர் மூத்த டிரைவர் அண்ணன் ஒருவரைச் சேர்த்து, இரண்டு சீட்டுக்கு மூன்று பேரானோம். ஆளுக்கு இரண்டு நடை வண்டி, ஒரு நடை வீடு. 30 நாள் ரோடு, 15 நாள் ஊர். ஓடி வந்த இருவரும் படியில் கொஞ்சம் எடுத்து, வீட்டில் இருந்தவரின் சம்சாரத்திடம் கொடுத்துவிடுவோம். அவர் கையில் கொடுப்பதில்லை. காரணம் கேட்காதீர்கள்!

வருமானம் குறைந்தது உண்மை. பதிலுக்கு மாரியம்மன் நோம்பிக்கு ஊரில் இருந்தேன். மகளின் பள்ளிக்கூட மீட்டிங்குக்குப் போனேன். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது பக்கத்திலேயே இருந்து 12 நாள் சொட்டு மருந்து விட்டேன்.

இப்போது இதற்குத்தான் ஆபத்து. நேஷனல் பெர்மிட் லாரிக்கு இரண்டு டிரைவர் வேண்டும், மாற்று டிரைவர் நீட்டிப் படுக்க இருக்கையும் வேண்டும் என்று விதி இருந்தது. 2018-ல் விதியைத் திருத்தி, இரண்டு டிரைவர் கட்டாயம் என்பதை எடுத்துவிட்டார்கள். வாடகை கட்டுபடியாகாத ஓனர் முதலில் கை வைப்பது எதில்? எங்கள் ஓனரும் போன வருஷம் "ஒரு ஆள் போதாதாப்பா?" என்று கேட்டார்.

மூன்று பேரும் உட்கார்ந்து, காலேஜில் படித்த கணக்கு வீண் போகாமல், ஒரு தாளில் எழுதிக் காட்டினோம். ஜோடியாகப் போனால் டெல்லிக்கு நாலைந்து நாள். ஒற்றை ஆள் ஒழுங்காகத் தூங்கி ஓட்டினால் 7 நாள். போக வர 5 நாளாவது கூடும். அப்படியானால் மாதம் இரண்டு நடை என்பது ஒன்றரை நடை ஆகிவிடும். தவணையோ மாறாது. தூங்காமல் ஓட்டினால் என்ன ஆகும் என்பதைத் தாளில் எழுதவில்லை, அது அவருக்கே தெரியும். ரொம்ப நேரம் பார்த்தார். "சரி, இந்த வருஷம் ஓடட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றார். இன்னும் அப்படியேதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

இங்கே இருக்கும் தம்பிகளில் சிலர் நாளைக்கு லாரி வாங்கலாம், பாங்கில் உட்கார்ந்து லாரிக் கடன் கொடுக்கலாம். வரவு செலவு போடும்போது டீசல், டயர், டோல் எழுதும் இடத்தில் மூன்றாவது ஆளுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இது என்னுடைய வீட்டு நடை, அதனால்தான் வர முடிந்தது. வியாழக்கிழமை லோடு.