விடுதலை நாளில் ஒரு கிண்ணம் சூப்



புத்தாண்டு பிறந்து சில நாள்களே ஆகின்றன. ஜனவரி முதல் நாளில் இறைவனின் தாய் மரியாவுக்குப் பெருவிழா எடுத்தோம். உலக அமைதிக்காகவும் வேண்டினோம். அதே நாளில், கரீபியன் கடலில் உள்ள ஹெய்ட்டி நாட்டில், வீட்டுக்கு வீடு ஒரு பெரிய பானை அடுப்பில் ஏறும். பரங்கிக்காயை வேகவைத்துக் கரைத்து, மாட்டிறைச்சி, முட்டைக்கோஸ், கேரட், உருளைக்கிழங்கு எல்லாம் போட்டுக் காய்ச்சும் சூப் அது. தாங்களும் குடித்து, அக்கம்பக்கத்தாருக்கும் கொடுத்தனுப்புவார்கள். சமையல் குறிப்பு சொல்ல வந்துவிட்டேனோ என்று நினைக்க வேண்டாம். அந்த நாட்டின் விடுதலை நாள் உணவு அது.

ஹெய்ட்டி ஒரு காலத்தில் பிரான்சின் காலனி. கரும்பும் காபியும் விளைந்த அந்த மண்ணில் ஏறத்தாழ 5 லட்சம் ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாக உழைத்தார்கள். அடிமைகள் எல்லாருக்கும் கத்தோலிக்கத் திருமுழுக்குக் கொடுக்க வேண்டும் என்று 1685-இல் பிரெஞ்சு மன்னர் சட்டம் போட்டார். திருமுழுக்குக் கிடைத்தது, விடுதலை கிடைக்கவில்லை. துறவற சபைகள்கூட அங்கே தோட்டங்களையும் அடிமைகளையும் வைத்திருந்தன. குருவாகிய நான் இதைச் சொல்லாமல் தாண்டிப் போவது சரியாகாது.

பரங்கிக்காய் சூப்பைக் காய்ச்சியவர்கள் அடிமைகள், குடித்தவர்கள் முதலாளிகள். காய்ச்சிய கைகளுக்கு அதை ருசிபார்க்க அனுமதி இல்லை என்று அந்த மக்கள் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். 1791 ஆகஸ்டில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். அவர்களுடைய தலைவர் தூசான் லூவெர்த்தூர் பிரான்சுக்குக் கொண்டுபோகப்பட்டு, 1803-இல் மலைக்கோட்டைச் சிறையொன்றில் இறந்தார். ஆனாலும் நெப்போலியன் அனுப்பிய படையை அந்த மக்கள் தோற்கடித்தார்கள். 1804 ஜனவரி முதல் நாள், கொனாயிவ் என்ற ஊரில் விடுதலை அறிவிக்கப்பட்டது. மறுக்கப்பட்ட சூப்பை அன்றுமுதல் எல்லாரும் குடிக்கிறார்கள்.

விடுதலைப் பயண நூல் 12, 13ஆம் அதிகாரங்களை வாசித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. எகிப்தைவிட்டுக் கிளம்பும் அந்த இரவிலேயே, பார்வோனின் படை பின்னால் வருவதற்கும் முன்பே, ஆண்டவர் அவர்களுக்கு ஒரு விழாவை ஏற்படுத்திக் கொடுக்கிறார். இன்ன நாள், இன்ன உணவு, இன்ன விதமாக உண்ண வேண்டும் என்கிறார். பிள்ளை ‘இது எதற்கு?’ என்று கேட்கும். அப்போது சொல் என்கிறார். எப்படிச் சொல்ல வேண்டும் தெரியுமா? ‘நம் முன்னோருக்கு ஆண்டவர் செய்தது’ என்றல்ல, ‘நான் வெளியே வந்தபோது ஆண்டவர் எனக்குச் செய்தது’ என்று சொல்லவேண்டும். சங்கிலியைக் கண்ணாலும் பார்த்திராத பேரப்பிள்ளையும் ‘நான்’ என்றே சொல்லவேண்டும். நாடுகள் தங்கள் விடுதலை நாளைக் கொண்டாடுவதற்குக் காரணம் கேட்டால், எனக்குத் தெரிந்த முதல் காரணம் இதுதான். வலி அனுபவித்தவர்கள் இறந்துபோவார்கள். அவர்களுடைய வலி நம்முடையதாக வேண்டுமானால், ஆண்டுக்கு ஒருமுறையாவது அதை வாயில் வைத்துச் சுவைக்கவேண்டும். சட்டப் புத்தகம் படித்து அது வராது.

‘சுதந்திரம் வந்து என்ன கண்டோம் சாமி?’ என்று நம் பங்குகளில் கேட்பவர்கள் உண்டு. ஹெய்ட்டி மக்கள் அதை நம்மைவிட உரக்கக் கேட்கலாம். 1825-இல் பிரான்சு போர்க்கப்பல்களை அனுப்பி, ‘உங்களை நாடாக ஏற்கவேண்டுமென்றால், பழைய முதலாளிகளின் நட்டத்துக்கு 15 கோடி ஃபிராங்க் கொடுங்கள்’ என்று மிரட்டியது. அந்த நட்டத்தில் அடிமைகளின் விலையும் சேர்த்தி! பிறகு தொகையை 9 கோடியாகக் குறைத்தார்கள். அதற்காக வாங்கிய கடன்களையும் வட்டியையும் கட்டி முடித்தபோது 1947 ஆகிவிட்டது. நாம் விடுதலை பெற்ற ஆண்டில்தான் அவர்கள் தங்கள் விடுதலைக்குக் கடைசித் தவணை கட்டினார்கள். இணைச்சட்டம் 15ஆம் அதிகாரமோ, அடிமையை அனுப்பும்போது வெறுங்கையாய் அனுப்பாதே, ஆட்டிலும் தானியத்திலும் திராட்சை இரசத்திலும் தாராளமாய்க் கொடுத்தனுப்பு என்கிறது. இங்கே கொடுத்தவன் அடிமை, வாங்கியவன் முதலாளி.

இன்று தலைநகரின் பெரும்பகுதி ஆயுதக் கும்பல்களின் கையில். 2022-இல் இதே ஜனவரி முதல் நாள், விடுதலை அறிவித்த அதே ஊரின் பேராலயத்துக்குப் பிரதமர் வழிபாட்டுக்கு வந்தபோது துப்பாக்கிச் சூடு நடந்தது. பின் ஏன் சூப்?

நம் ஆண்டவர் கடைசிப் பாஸ்காவை எங்கே கொண்டாடினார் என்று நினைத்துப் பாருங்கள். உரோமைப் படைவீரர்கள் காவல் நின்ற எருசலேமில்! வரி சீசருக்குப் போய்க்கொண்டிருந்தது. மரண தண்டனை ஆளுநரின் கையில் இருந்தது. அந்த நகரத்தின் மாடி அறையில் அமர்ந்து, விடுதலையின் உணவை உண்டார், தம்மையே உணவாகத் தந்தார். விடுதலை முழுமையாகிவிட்டது என்பதற்காக யாரும் பாஸ்கா கொண்டாடவில்லை. நாம் யாருடைய அடிமைகளும் அல்ல என்பதை, அடிமைப்படுத்தியவன் வாசலில் நிற்கும்போதே சொல்லிக்கொள்ளும் நாள் அது. பாலைநிலத்தில் அந்த நினைவு மங்கியபோது என்ன ஆயிற்று? எகிப்தின் வெள்ளரிக்காயும் வெங்காயமும் பூண்டும்தான் மக்கள் நாவில் வந்து நின்றன.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஹெய்ட்டி இருப்பது ஒரு தீவின் மேற்குப் பகுதியில். கிழக்கே டொமினிக்கன் குடியரசு. அவர்கள் விடுதலை நாள் பிப்ரவரி 27. யாரிடமிருந்து விடுதலை? பலரும் ஸ்பெயினிடமிருந்து என்று நினைப்பார்கள். இல்லை, ஹெய்ட்டியிடமிருந்து! 1822-இல் ஹெய்ட்டிப் படை அங்கே நுழைந்தது. அடிமைமுறையை ஒழித்தது உண்மை. ஆனால் பிரான்சுக்குக் கட்டவேண்டிய பணத்துக்காக அந்த மக்கள் தலையிலும் வரியை ஏற்றியது. 22 ஆண்டுகளுக்குப் பின், 1844-இல், அவர்கள் விடுபட்டார்கள். அந்தப் பழைய கசப்பும் ஊதிப் பெருக்கப்பட்டு, 1937-இல் டொமினிக்கன் சர்வாதிகாரி துருகீயோவின் ஆணைப்படி ஆயிரக்கணக்கான ஹெய்ட்டி மக்கள் எல்லைப் பகுதியில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள்.

ஒரே தீவு, இரண்டு விடுதலை நாள்கள். ஒருவருடைய விழாவில் மற்றவர் பார்வோன். இஸ்ரயேலருக்கு இந்த ஆபத்து வரும் என்று ஆண்டவருக்குத் தெரிந்திருந்தது. எகிப்தில் நீங்கள் அந்நியராய் இருந்தீர்கள் என்று நினைவூட்டும் இடத்திலெல்லாம், ஆகவே எகிப்தியனை வெறுங்கள் என்று இணைச்சட்டம் சொல்லவில்லை. உங்களிடையே உள்ள அந்நியரை நேசியுங்கள் என்கிறது.

பிழைப்புத் தேடி எல்லை தாண்டிய ஹெய்ட்டித் தொழிலாளர்கள் இன்றும் டொமினிக்கன் கரும்புத் தோட்டங்களில் அரிவாளோடு நிற்கிறார்கள். இன்றிரவு உங்கள் குடும்பச் செபமாலையில் ஒரு பத்து மணியை அந்தத் தீவின் இரு பக்கத்து மக்களுக்கும் ஒப்புக்கொடுங்கள்.