தொழுவத்துப் பரணில் ஒரு சுவடி

 

1909ஆம் ஆண்டு. வங்கத்தின் பாங்குரா மாவட்டத்தில், விஷ்ணுபூருக்கு அருகே காங்கில்யா என்றொரு சிற்றூர். பழஞ்சுவடி தேடி ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்த பசந்தரஞ்சன் ராய், அங்கே ஒரு வீட்டு மாட்டுத் தொழுவத்துப் பரணில் கேட்பாரற்றுக் கிடந்த சுவடி ஒன்றைக் கண்டெடுத்தார். முதல் தாளும் இல்லை, கடைசித் தாளும் இல்லை. நூலின் பெயரும் தெரியவில்லை. உள்ளே இருந்தவை ராதையையும் கண்ணனையும் பற்றிச் சண்டிதாசர் என்ற கவிஞர் பாடிய பாடல்கள். இடையில் செருகியிருந்த ஒரு துண்டுச் சீட்டு, அச்சுவடி ஒருகாலத்தில் விஷ்ணுபூர் அரசரின் நூலகத்தில் இருந்ததைக் காட்டியது. அரண்மனையில் இருந்த ஏடு, வைக்கோலுக்கும் சாணத்துக்கும் நடுவே வந்து சேர்ந்திருந்தது!

கண்டெடுத்தவர் ஒருவர். ஆனால் அதை நூலாக்கியது ஒரு சங்கம்: கல்கத்தாவின் வங்கீய சாகித்திய பரிஷத். எழுத்தமைதியை ஆராய்ந்து காலம் கணித்தவர் ராகல்தாஸ் பானர்ஜி. பின்னாளில் மொகஞ்சதாரோவை உலகறியச் செய்தவர் அவரே. முன்னுரை எழுதிய ராமேந்திரசுந்தர் திரிவேதி அறிவியல் பேராசிரியர். 1916இல் ‘ஸ்ரீகிருஷ்ண கீர்த்தன்’ என்ற பெயரோடு நூல் வெளிவந்தது. நேபாள அரச நூலகத்தில் ஹரப்பிரசாத் சாஸ்திரி 1907இல் கண்ட சர்யா எனும் பழம்பாடல்களையும் அதே ஆண்டில் அதே பரிஷத் அச்சிட்டது. இவ்விரு நூல்களால் வங்க இலக்கியத்தின் வரலாறு சில நூற்றாண்டுகள் பின்னோக்கி நீண்டது.

இத்தனைக்கும் அந்தப் பரிஷத் 1893இல் தொடங்கியபோது அதன் பெயரே ஆங்கிலத்தில்தான் இருந்தது. நடவடிக்கைகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தன. தாய்மொழிக்கென்று கூடிய அவையில் இது தகுமா என்று உறுப்பினர்கள் கேட்டார்கள். மறு ஆண்டே பெயர் மாறியது. ரமேஷ் சந்திர தத்தர் தலைவரானார். துணைத்தலைவர்களுள் ஒருவர் இரவீந்திரநாத் தாகூர்.

நான் படித்த காலத்து இலக்கிய வரலாற்றுப் பாடத்தில் ஒரு நூலின் பெயரும் காலமும் இருக்கும். அதை யார், எந்த ஊரில் மீட்டார்கள் என்ற செய்தி இருக்காது. தேடலும் அட்டவணைப்படுத்தலும் ஆய்வின் அடித்தளம் என்பதை மாணவர் எப்படி அறிவார்?

வங்க மொழிக்கு அப்படியொரு சங்கம் வாய்த்தது; மற்ற மொழிகளின் நிலை என்ன? இந்தியாவின் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, 10,000 பேரோ அதற்கு மேலோ பேசும் மொழிகளாக 121ஐப் பட்டியலிட்டது. அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ளவை 22 மட்டுமே. எஞ்சியவற்றுக்குச் சங்கம் வேண்டும், இதழ் வேண்டும், சந்தா கட்டும் உறுப்பினர் வேண்டும். அரசு நிதி வரும், நின்றும் போகும். உறுப்பினர்களால் நிற்கும் சங்கமே பல தலைமுறைகளுக்கு நீடிக்கும்.

இத்தகைய சங்கங்களை வளர்ப்பது மொழித்துறை மாணவர்களின் வேலை மட்டும் அன்று. இயற்பியலோ வணிகவியலோ படித்தவர்களுக்கும் திரிவேதியைப் போல இதில் இடம் உண்டு. பட்டம் பெறும் நீங்கள் இந்த ஆண்டே ஏதேனும் ஓர் ஆய்வு மன்றத்தில் உறுப்பினராகுங்கள். உங்கள் ஊரில் பழஞ்சுவடி உள்ள வீடு தெரிந்தால், உரியவரின் இசைவோடு ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து, கிடைத்த இடத்தையும் நாளையும் குறித்து, அப்படங்களை ஒரு நூலகத்தில் சேர்த்துவிடுங்கள்.