ஆட்டோடு மல்லுக்கட்டு

லூனாஸ் பக்கத்துத் தோட்டங்களில், லயத்து வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு ஆடு வளர்த்தவர்கள் நாங்கள். ஆடு வளர்ப்பது சுலபம், அவிழ்த்து விட்டால் தானே மேய்ந்து வந்துவிடும் என்று சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் எல்லாரும் ஆடு வளர்க்காதவர்கள்.

சம்பளம் வந்த கையோடு கடைக் கணக்குக்குப் போய்விடும் வீட்டில், பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவு, காதுகுத்து, திடீர் நோய் என்று வந்தால் கைகொடுப்பது கொட்டகையில் நிற்கும் ஆடுதான். இந்நாட்டுக் காச்சாங் ஆடு சிறிய உருவம். ஆனால் ஐந்து மாதச் சினையில் பல தடவை இரட்டைக் குட்டி போடும். இந்தியாவிலிருந்து வந்த ஜமுனாபாரி நீண்ட காதும் நல்ல உயரமும் உள்ளது. இரண்டும் கலந்து பிறந்த குட்டி எடையிலும் ஏறும், வேலியிலும் ஏறும்.

எங்கள் வீட்டு ஆடு என்னென்ன தின்றது என்று பட்டியல் போட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். கொடியில் காய்ந்த சட்டையின் கை, பிள்ளையின் கணக்குப் புத்தகம், பக்கத்து வீட்டு அக்கா ஆசையாக வளர்த்த வெற்றிலைக் கொடி. அந்த அக்கா எங்களோடு மூன்று மாதம் பேசவில்லை. சரி, கட்டிப் போடுவோம் என்று கட்டினால், மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து கயிற்றை முழுவதும் சுருட்டிவிட்டு, கழுத்து இறுகி நின்று கத்தும். அவிழ்த்துவிடப் போனவருக்கு முட்டு ஒன்று பரிசு.

ஏன் இப்படி? மாட்டின் வாய் தரையைப் பார்க்கும். ஆட்டின் வாய் மேலே பார்க்கும். அது புல்லைவிடத் தழையை விரும்பும் பிராணி. பின்னங்கால்களில் நின்று கிளையை வளைத்து, உதட்டால் கொழுந்தைத் தேடிப் பறிக்கும். மேல்தாடையில் முன்பல் கிடையாது. ஆனாலும் அந்த உதடு பத்து விரலுக்குச் சமம். புதிதாக எதைக் கண்டாலும் வாயில் வைத்துப் பார்த்துத்தான் அது என்ன என்று தெரிந்துகொள்ளும். கணக்குப் புத்தகத்தையும் அப்படித்தான் படித்தது.

வெற்றிலைக் கொடியோடு போனால் சண்டைதான். மறுநடவு செய்த ரப்பர்க் கன்றின் குருத்தைக் கடித்துவிட்டால் கதை வேறு. குருத்துப் போன கன்று பக்கக்கிளை விட்டுக் கோணலாக வளரும். வெட்டுத் தண்டு நேராக வராது. மண்டோர் வீட்டு வாசலுக்கு வந்து நிற்பார். அவர்மேல் கோபித்து என்ன செய்வது? கன்றைக் கடித்தது நம் ஆடு. ரப்பர் போய்ச் செம்பனை வந்த இடங்களிலும் இளங்கன்று நிற்கும் பகுதிக்கு இதே கதைதான். முதிர்ந்த மரங்களுக்கு அடியில் மேய்த்தால் களையும் குறையும், சண்டையும் இல்லை. அங்கேயும் காலையில் விட்டால் மங்கில் நிற்கும் பாலைக் கவிழ்த்துவிடும். பால் எடுத்த பிறகே விட வேண்டும்.

தாமதமாக விடுவதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. ஆட்டின் வயிற்றில் இரத்தம் குடிக்கும் புழு ஒன்று உண்டு. அதன் முட்டை புழுக்கையோடு விழுந்து, ஈரத்தில் பொரித்து, பனி படர்ந்த புல்நுனியில் ஏறி உட்கார்ந்திருக்கும். விடியற்காலையில் தரைப்புல்லை மேயும் ஆடு அதையும் சேர்த்தே விழுங்கும். பனி உலர்ந்த பின் விடுங்கள். வாரம் ஒருமுறை ஆட்டின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பாருங்கள். உள்ளே சிவப்பாக இருந்தால் நல்லது. வெளுத்திருந்தால், தாடைக்கு அடியில் பை போல் வீங்கியிருந்தால், காத்திருக்கக்கூடாது. கூலிமில் மாவட்டக் கால்நடை அலுவலகம் இருக்கிறது. தரைக்கு மேலே பலகைச் சட்டங்களை இடைவெளி விட்டு அடித்துக் கொட்டகை போடுவதும் இதற்காகத்தான். புழுக்கை கீழே விழுந்துவிடும், ஆடு உலர்ந்த இடத்தில் படுக்கும்.

ஒரு வருடம், தீபாவளிக்கு விற்கலாம் என்று வைத்திருந்த கிடாய் இரவில் கதவை நெம்பிக்கொண்டு மரவள்ளித் தோட்டத்தில் புகுந்துவிட்டது. பசி வயிற்றில் பச்சை இலை. நாங்கள் பார்த்தபோது மூச்சு வாங்கித் தள்ளாடியது. ஈறு இரத்தச் சிவப்பாக இருந்தது. விடிவதற்குள் போய்விட்டது. மரவள்ளி இலையில் இருந்து வயிற்றுக்குள் சயனைட் என்னும் கடும் விஷம் உண்டாகிறது. அது உடம்பைப் பிராணவாயுவைப் பயன்படுத்த விடாது. சீக்கிரம் கால்நடை மருத்துவரிடம் போனால் மாற்று ஊசி உண்டு. அந்த இரவில் எங்களுக்கு அது தெரியாது. பெரட்டுக்குப் போகும் நேரத்தில் வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. அன்று போனது வெறும் ஆடு அல்ல, மூத்தவளின் பள்ளிச் சீருடையும் காலணியும்.

அதற்காக மரவள்ளி இலையே ஆகாது என்பதில்லை. அது சத்துள்ள தீனி. வெயிலில் பரப்பி நன்றாகக் காயவைத்தால் விஷம் பெரிதும் குறையும். பிறகு மற்றத் தழையோடு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம்.

களைக்கொல்லி தெளித்த இடம் வேறொரு பயம். முன்பு தோட்டங்களில் சோடியம் ஆர்சனைட் தெளித்த நாட்களில் கால்நடைகள் மடிந்ததுண்டு. பிறகு வந்த பாராகுவாட்டும் 2020 முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. இன்று வேறு மருந்துகள் இருக்கின்றன. எந்தப் பக்கம் தெளிக்கிறார்கள் என்று முதல் நாளே மண்டோரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. வெற்றிலைக் கொடிச் சண்டை தீர்ந்திருந்தால் பக்கத்து அக்காவும் சொல்வார்.

கடைசியாக மழை. ஆட்டுக்கு மழை ஆகாது. கெடாவில் மாலை மழை சொல்லிக்கொண்டா வருகிறது? முதல் துளி விழுந்ததும் முற்றத்தில் காயும் மரவள்ளி இலையை அள்ள நாங்கள் ஓடுவோம். அள்ளிக்கொண்டு திரும்பினால், எங்களுக்கு முன்பே ஆடுகள் எல்லாம் வீட்டுத் திண்ணையில் ஏறி, நனையாமல் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்.